நோட்டீசின் பின்பக்கம்

என் அப்பாவின் கடைசித் தங்கைக்கு மூன்று பெண்கள். நடுப்பெண்ணை என் தம்பிக்குக் கட்டினோம். சொந்தத்தில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மடிப்பு என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். வீட்டிலும் மருந்துச் சீட்டோ காய்கறிப் பையோ, எது கையில் சிக்கினாலும் மூலைக்கு மூலை ஒட்டி மடித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள்.

"என் தம்பியையும் ஒருநாள் மடிச்சு அலமாரியில வச்சிடாதே" என்பேன்.

"அவரு எங்க அண்ணி மடங்குவாரு? முட்டி ரெண்டும் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்பாள்.

தம்பி கொதிகலன் ஆலையில் வேலை பார்த்துக் காதைப் பறிகொடுத்தவன். இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். அரசாங்கக் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு அவர்களுக்கு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவள் வேலைக்குப் போனபின் அவன் ஒண்டியாக இருப்பான். கதவைத் தட்டினால் கேட்காதே என்று, கதவில் துளை போட்டு ஒரு கயிறு விட்டிருந்தார்கள். வெளியே இருந்து இழுத்தால் உள்ளே அவன் நாற்காலிக்கு எதிரே கட்டியிருக்கும் சிவப்புத் துணி ஆடும். எழுந்து வந்து திறப்பான். அந்த வரிசையில் உள்ள வீட்டுக்காரர்களுக்கும் தபால்காரருக்கும் இது தெரியும்.

குடியிருப்பு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஆய்வாளருக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் கயிற்றை இழுத்து, தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆய்வாளர் மூன்று முறை வந்தபோதும் வீடு பூட்டிக் கிடந்ததாம், அதனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லையாம், முப்பது நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம். தம்பி அதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. வெளியே வாடகைக்குப் போக அவள் சம்பளம் காணாது. என் வீட்டிலோ ஏற்கெனவே ஏழு பேர். "என் மூத்த மருமகனோட சித்தப்பா மகன் ஏதோ ஆபீஸ்ல இருக்கான். அவனைப் பிடிச்சு யார் காலிலயாவது விழுந்திடலாம்" என்றேன்.

அவள் நோட்டீசைத் திருப்பினாள்.

"அதுல என்ன தேடுற?"

"விரிப்புக்குப் பின்பக்கம் பாக்காம மடிச்சா கறை உள்ள போயிடும் அண்ணி. கை தானா திரும்புது."

பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து ஒரு மணி நேரம் படித்தாள். பதினான்கு நாளுக்குள் விசாரணை கேட்கலாம். நமக்கு எதிராக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கோப்பைப் போய்ப் பார்க்கலாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். குற்றம் எழுதினவரை எதிரே வைத்துக் கேள்வி கேட்கலாம். இத்தனை வயசில் எத்தனையோ அரசாங்கக் காகிதம் வாங்கியிருக்கிறேன். ஒன்றையாவது நான் திருப்பிப் பார்த்ததில்லை.

விசாரணை கேட்டு மனுக் கொடுத்துவிட்டு, கோப்பைப் பார்க்க அரைநாள் லீவு போட்டாள். அங்கே அவள் எதையோ கண்டுகொண்டாள் என்று தெரிந்தது. கேட்டால், "அங்க சொல்றேன் அண்ணி" என்றாள்.

விசாரணை அன்று துணைக்கு நான் போனேன். பெரிய மண்டபம், உயரத்தில் ஒரு நாற்காலி, கீழே நாம் கைகட்டி நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சின்ன அறைதான். ஒரு மேஜை, சுற்றி ஒரே மாதிரி நாற்காலிகள். விசாரிக்கிற அம்மாள் வேறு அலுவலகத்திலிருந்து வந்தவர். நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர் விசாரிக்கக் கூடாதாம், அந்த அம்மாளே அப்படிச் சொன்னார். எனக்கு அங்கேயே மயிர்க்கூச்செறிந்தது.

ஆய்வாளர் சின்ன வயசுக்காரர். மூன்று தேதியும் சொல்லி முடித்துவிட்டு, "தண்ணி மீட்டரும் ரொம்பக் கம்மியாத்தான் ஓடியிருக்கு" என்றார்.

மடிப்பு எழுந்தாள். "அதுக்குக் காரணம் இருக்கும்மா. நான் சலவைக்கூடத்துலயே குளிச்சு, துணியும் அங்கயே…"

விசாரிக்கிற அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். "உக்காந்தே பேசுங்க. மீட்டருக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம். நோட்டீஸ்ல அது இல்லை. எழுதாத காரணத்தை இங்க வந்து சேர்த்தா நான் காதுல வாங்கக் கூடாது."

ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கூடாதுன்னா கூடாது" என்றார் அம்மாள். அரசாங்கத்துக்கு அரசாங்கமே கடிவாளம் போட்டதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வம்சத்தில் வீடு இழந்தவர்களை எல்லாம் ஒரு நொடி நினைத்துக்கொண்டேன். என் பெரிய மாமா, அவர் மச்சினி, அவளுடைய மூத்த மகன். அவர்களை யாரும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதில்லை.

"இப்ப நீங்க இவரைக் கேளுங்க" என்றார்.

மடிப்பு ஆய்வாளரைப் பார்த்தாள். "தம்பி, பூட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, பூட்டு என்ன நிறம்?"

ஆய்வாளர் கோப்பைப் பார்த்தார், மேலே பார்த்தார். "பூட்டைப் பாக்கலைம்மா. தட்டினேன், திறக்கலை. அதான்…"

"கயிறு இருந்துச்சே?"

"ஏதோ துணி காயப்போடற கயிறுன்னு நினைச்சேன்."

அவள் கயிற்றின் கதையைச் சொன்னாள். விசாரிக்கிற அம்மாள் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டார். பிறகு மடிப்பு கேட்டாள்: "அம்மா, உங்க கோப்புல கடைசிக் காகிதத்தைப் பாருங்க. நோட்டீஸ் வாங்கினதுக்கு ஒரு சீட்டு இருக்கு. அதுல கையெழுத்து யாருது?"

அம்மாள் எடுத்துப் பார்த்தார். என் தம்பியின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து, அந்த வீட்டு எண்.

"யாருமே குடியில்லாத வீட்டுல நோட்டீசை வாங்கினது யாரு?" என்றாள், சண்டைக் குரல் துளியும் இல்லாமல்.

அம்மாள் சீட்டை ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார். ஆய்வாளர் மெதுவாக, "நான் விசாரிக்காம எழுதிட்டேன்மா" என்றார். அவர் அப்படி ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகத்தான் பட்டது.

விசாரணை முடிந்த பன்னிரண்டாம் நாள் முடிவு தபாலில் வந்தது. இரண்டு பக்கம். எது நிரூபணமானது, எது ஆகவில்லை, ஏன் என்று வரிசையாக எழுதி, நோட்டீஸ் ரத்து என்று முடித்திருந்தார்கள். தம்பி படித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான். குடியிருப்பு அலுவலகக் குமாஸ்தாவிடம் பிற்பாடு ஒரு சந்தேகம் கேட்டேன்: "ஒருவேளை தோத்திருந்தா?"

"அப்பவும் ஏன்னு எழுதித்தான் ஆகணும் பெரியம்மா. அதுக்கு மேல போக வழியும் இருக்கு" என்றார், பொழுது விடிகிறதைச் சொல்வது போல.

விசாரணை அன்று வீடு திரும்பும்போதே மடிப்பிடம் கேட்டிருந்தேன். "அத்தனை பெரிய ஆபீசுக்காரங்க முன்னாடி உனக்குப் பயமா இல்லையாடி?"

"பயமாத்தான் இருந்துச்சு அண்ணி. ஆனா அந்தம்மா 'கேளுங்க'ன்னு சொல்லிட்டாங்களே. அவ்வளவு மரியாதையாச் சொன்னப்புறம் கேக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

சொல்லிவிட்டுப் பிற்பகல் வேலைக்கு நேரமாயிற்று என்று பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.