பின்னாலிருந்து தள்ளும் என்ஜின்

ஊட்டி மலை ரயில் ஏறும்போது என்ஜின் முன்னால் இருக்காது. பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மேலே தள்ளும். தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தபோது சுற்றுலா கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் என்ஜின் ஷெட் வாசலில் நின்று அந்தப் பல்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என்று ஒன்று பார்த்தால் இங்கேதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் அந்த ஷெட் வேலைக்கே நேர்காணல் கடிதம் வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் தெரு முழுக்க அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் சாலை மறியலில் இறங்கிய வாரம் அது. பஸ் ஓடவில்லை. நேர்காணலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சைக்கிளிலேயே சின்னசேலம் வழியாகச் சேலம் போய், அங்கிருந்து ரயில் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். கள்ளக்குறிச்சி தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டுண்டு கிடந்தது. அதன்மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன்.

"எங்கடா போற?"

"இன்டர்வியூக்குண்ணா. சைக்கிள தூக்கிக்கினு அந்தாண்ட போயிடறேன்."

"என் தம்பியே மறியல மீறிப் போனா ஊரு இன்னா பேசும்? உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்களுக்கு வேலை வாங்கத்தான்டா இங்க குந்திக்கினு இருக்கறோம். ஒரு வாரம் தள்ளிப் போ. கவர்மென்ட் வேலை எங்க ஓடிப்போவுது?"

சொல்லிவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வேலை வாங்கித் தருகிற லட்சணம் அது. அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினேன். மறியல் முடிந்து கடிதம் கைக்கு வந்தபோது நேர்காணலும் முடிந்திருந்தது.

ஒதுக்கீடு வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் நாலு வீட்டில் அடுப்பு எரிய அதுதான் காரணம். எனக்கு மட்டும் அப்படி ஒரு கடிதம் மறுபடி வரவேயில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குக் கிரீஸ் அடித்தே தலை நரைத்தது.

அண்ணன் மகனுக்கு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அவன்தான் எங்கள் இருவரையும் ஊட்டிக்கு அழைத்துப்போனான். தண்ணீர் பிடிக்க மலை ரயில் நடுவழி ஸ்டேஷனில் நின்றது. நானும் அண்ணனும் இறங்கினோம்.

"இன்னாடா இது, முன்னால என்ஜினையே காணோம்?"

"பின்னால இருக்குதுண்ணா. தள்ளிக்கினு வருது."

அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. "நாங்களும் அப்படித்தான்டா. பின்னால நின்னு உங்கள எல்லாம் மேல தள்ளி வுட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே என்ஜினிடம் போனேன். என் வயதுள்ள ஒருவர் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டேன். அதே வருடம்.

"அப்ப மறியலுங்க. தென்னாற்காட்டுப் பக்கமிருந்து இன்டர்வியூவுக்குப் பாதிப் பேர் வர முடியலீங்க. எங்களுக்கு லேசாக் கெடச்சுப் போச்சுங்க" என்றார். நல்ல மனிதர்.

அண்ணன் என் பின்னால்தான் நின்றிருந்தார். தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "டீ குடிக்கிறியாடா?" என்றார்.

"ஒரு வாரம் தள்ளிக் குடிக்கறேண்ணா" என்றேன்.