டவாலியின் மூன்று கூப்பாடு

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை ஏழரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் பச்சமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விடும். மிச்ச உயிரை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேர் கூப்பிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் கோர்ட் டவாலி. வராந்தாவில் நின்று ஒவ்வொரு பேரையும் மூன்று தடவை கூவினால் எதிர் டீக்கடை வரை கேட்கும். வீட்டில்தான் தொண்டை எழும்பாது. "கோர்ட்ல லவுட்ஸ்பீக்கரு, வூட்ல ஊமை. எனக்கு வாச்சது அப்டி கீது" என்பாள் மனைவி கனகா.

முழங்கால் போய்விட்டது. ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம். யார் வம்புக்கும் போகாமல் அதைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார். ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

பலாத்கார வழக்கு. வேதகிரியின் நெல் மில்லில் வேலை பார்த்த பெண் அவன் மேல் கொடுத்த புகார். அவள் பேர் வேண்டாம். சொன்ன ஒருத்தர் பட்டதே போதும். போன வாய்தாவில் அவள் சாட்சி சொல்ல ஜட்ஜம்மா எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். வந்துபோகப் பின்வாசல், உட்காரத் தனி அறை, வேதகிரியின் முகம் தெரியாதபடி நடுவில் துணித்திரை, வெளியாள் வராமல் சாத்திய கதவு. அந்தத் திரையைத் தள்ளிவந்து நிறுத்தியதே பச்சமுத்துதான். நிறுத்திய கையோடு வராந்தாவுக்குப் போனவர், பழக்கதோஷம், அவள் பேரையும் மூன்று தடவை கூவிவிட்டார். நின்றிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பியது. வேதகிரியோடு வந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பின்வாசல் வழியாக வந்தவள் அதே வழியாகப் போய்விட்டாள்.

ஜட்ஜம்மாவின் திட்டுகூடப் பரவாயில்லை. "அவ வந்து சொல்லலன்னா கேஸ் நிக்காது பச்சமுத்து" என்று அரசு வக்கீலம்மா சொன்னதுதான் அவரை அரித்தது.

இன்றைக்கு அவள் வந்துவிட்டாள். பச்சமுத்து வாயைத் திறக்காமல் அந்தத் தனி அறைக்கே போனார்.

"எய்ந்து வாம்மா. பேரு கூப்ட மாட்டேன். நானே இட்டுகினு போறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னிக்கு அவன நீங்க இன்னா சொல்லி கூப்டீங்க?"

பச்சமுத்துவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஜன்னல்லேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். டீக்கடைக்கே போயி, குனிஞ்சி, அவன் காதாண்ட சொன்னீங்க. என் பேருதான் ஊருக்கே கேட்டுது."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வேதகிரி பெரிய மனுஷன், வருஷா வருஷம் பச்சமுத்துவின் நெல்லை அரைத்துக் கொடுப்பவன். அவனைப் பேர் சொல்லிக் கூவ அவருக்கு நாக்கு எழவில்லை. இதில் என்ன தப்பு என்று இந்த நிமிஷம் வரை தோன்றவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கும் அங்கதான் குந்திகினு கீறான்" என்றாள். "மொதல்ல அவன கூப்புடுங்க. மூணு தபா. நான் கேட்டுட்டு வரேன்."

பச்சமுத்து வராந்தாவுக்குப் போனார். முழங்கால் வலித்தது. நாளைக்கு ஊரில் இவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு கூவினார்.

"வேதகிரி! வேதகிரி! வேதகிரி!"

டீ கிளாஸும் கையுமாக அவன் திகைத்துப் பார்த்தான். கூட்டமும் திரும்பி அவனைத்தான் பார்த்தது. அவன் கிளாஸை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பாராமல் படியேறி வந்தான்.

அவனை உள்ளே விட்டுவிட்டுத் தனி அறைக்குத் திரும்பினால் நாற்காலி காலி. நொண்டிக்கொண்டு கோர்ட் ஹாலுக்கு ஓடினார். திரையின் கீழே இரண்டு ரப்பர் செருப்புக் கால்கள் தெரிந்தன.

அவர் கதவைச் சாத்தும்போது, ஜட்ஜம்மா பேர் கேட்பதும் அவள் சொல்வதும் காதில் விழுந்தன. மெதுவாகத்தான் சொன்னாள். தன் பேரைச் சொல்லி, அப்பன் பேரையும் சொன்னாள்.

பச்சமுத்து வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேரை இனி அவர் வாய் சொல்லாது.