அம்மா கண் திறந்திருந்த ஒரே படம்

மாமா, அண்ணன் உங்களை வேண்டுமென்றே மங்கலாகப் படம் எடுத்தார் என்று நீங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னது பொய். அண்ணனின் இந்த நினைவு மலரில் முதலில் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் அண்ணன் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் தங்கையான என்னையும் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். அதிர்ந்து பேசமாட்டார். அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

அவர் கல்யாணங்களில் எடுத்த எந்தப் படத்திலும் அம்மாவின் கண் திறந்திருக்காது. ஃபிளாஷ் அடித்தால் மூடிக்கொள்ளும். "அக்கா எல்லாக் கல்யாணத்துலயும் நல்லா தூங்குதுலா" என்று அம்மாவின் தம்பியான நீங்கள் சிரிப்பீர்கள். அம்மாவும் சிரிப்பார். அண்ணன் சிரித்ததில்லை.

மார்சிலிங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவின் உடம்பு தளர்ந்தது. ஃபிளாஷ் இல்லாமல், வீட்டு வெளிச்சத்திலேயே எடுக்க ஒரு லென்ஸ் தேடி அண்ணன் ஹை ஸ்திரீட் கேமரா கடைக்கு மூன்று வாரம் நடந்தார். நானும் போனேன். கடைக்காரர் ஜூம் லென்ஸை நீட்டினார். அது போதிய வெளிச்சத்தை உள்ளே விடாது என்று அண்ணன் திருப்பிக் கொடுத்தார். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் வெளிச்சத்தை நன்றாக வாங்கும், ஆனால் முகத்துக்கு மிகவும் கிட்டே போக வேண்டும், மூக்கு பெரிதாகிவிடும் என்றார். கடைசியில் வெளிச்சத்துக்கு நன்றாகத் திறக்கும் எண்பத்தைந்து மில்லிமீட்டர், 1.8 லென்ஸை வாங்கினார்.

அதை மாட்டி என்னைப் பார்க்கச் சொன்னார். கடை வாசலில் நின்ற ஒரு பெரியவரின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அவருக்குப் பின்னால் தெரு, பஸ், ஆட்கள் எல்லாம் தண்ணீரில் கரைந்து மெதுவாக மிதந்தன. தெருவின் சத்தம்கூட அடங்கிவிட்டது போல் இருந்தது எனக்கு.

"ஒரு எட்டு பின்னால நின்னாப் போதும், ஆளு கரைஞ்சிடுவாங்க," என்றார் அண்ணன். "பக்கத்துல பக்கத்துல உட்கார வைக்கணும்."

பொங்கல் காலை. வாசல் வெளிச்சம் முகத்தில் படும்படி அம்மாவை உட்காரவைத்து, பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டார். வீடு சின்னது. அண்ணன் வாசலைத் தாண்டிப் பொது நடைபாதை வரை பின்னால் போனார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காய்கறிக் கூடையோடு ஒதுங்கி நின்றார். உங்களைக் கேட்காமல் அம்மா என் கல்யாணத்தை முடிவு செய்தார் என்று நீங்கள் அப்போது அம்மாவோடு பேசுவதில்லை. வெள்ளைச் சட்டையில் அம்மாவுக்குப் பின்னால், சன்னலோரம் நின்றுகொண்டீர்கள்.

"மாமா, அம்மா பக்கத்துல உட்காருங்க. பின்னால நின்னா தெளிவா வராது."

"நான் இங்கயே நிக்கிறேன். நீ எடு."

அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். நீங்கள் அசையவில்லை.

அந்தப் படத்தில் அம்மாவின் கண் முழுவதும் திறந்திருக்கிறது. ஒரு கனவுக்குள் விழித்து உட்கார்ந்திருப்பவர் போல் இருக்கிறார். பின்னால் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்த சேலைகள் நிறம் நிறமாகப் பரவி மிதக்கின்றன. நடுவில் வெள்ளையாக ஒரு புகை. அது நீங்கள்.

"என்னைப் பேயாக்கிட்டான்" என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். அதன்பின் ஒரு கல்யாணத்துக்கும் அண்ணனைப் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "விடு பாப்பா. கூடப் பிறந்த தம்பியே பக்கத்துல உட்காரலன்னு தெரிஞ்சா அம்மாவுக்குத்தான் அவமானம்," என்றார். அம்மா போன பிறகும் அவர் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம் கடைசி வாரம் அண்ணன் அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைப் புகையை விரலால் தொட்டு, "ஒரு எட்டுதான் பாப்பா" என்றார்.

அண்ணனைக் கனிவாகப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தினமும் வந்த துறைமுக நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

மாமா, இன்று பதினாறாம் நாள். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். பின்னால் நிற்காதீர்கள். இலை போடுவதற்கு முன் வந்து உட்காருங்கள். அன்று அண்ணன் உங்களை எத்தனை முறை கூப்பிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.