பாறைக்குள் இருந்த ஆள்

தென்காசியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, நான் வரைந்த மூன்று படங்களைக் குற்றாலத்தில் ஒரு சிறிய ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தேன். இந்த வருஷம் சாரல் சமயத்தில், அங்கே தொடுதிரை வைத்திருப்பதாகவும் அதில் என் ஐந்தருவிப் படம் இருப்பதாகவும் போனில் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

கதவு அளவுக்குத் திரை. முன்னால் கூட்டம். குளித்த ஈரத் தலையோடு ஒரு பெண், என் படத்தில் இருக்கும் பாறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கப் பாறை கரைந்தது. உள்ளே, தோளில் துண்டோடு ஒரு ஆண்.

“ஏட்டி, இங்கன பாரு. பாறைக்குள்ள ஒரு ஆளு உக்காந்து சிரிக்கான்,” என்று தங்கச்சியைக் கூப்பிட்டாள்.

அது என் கணவர். கல்யாணமான புதிதில் அவரை ஐந்தருவியில் உட்கார வைத்து வரைந்தேன். ஆறு வருஷம் கழித்து, இன்னொருத்தியோடு வாழப்போவதாக என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கறுப்பும் பழுப்பும் குழைத்து, அவர் மேல் பாறையை வரைந்தேன். அதன் பிறகுதான் அந்தப் படம் எனக்குப் பிடித்தது.

விசேஷக் கேமராவில் எடுத்தால் அடியில் இருக்கும் வண்ணம் தெரியுமாம். திரையின் ஓரத்தில், ‘ஓவியர் மறக்க முடியாமல் ஒளித்துவைத்த காதல்’ என்று எழுதியிருந்தார்கள்.

நேரே நிர்வாகியின் அறைக்குப் போனேன்.

“அந்த ஆளை அழிச்சது நான். தோண்டி எடுக்கச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?”

“கோவப்படாதீங்க டீச்சர். ஜனங்க அதத்தான் ஆசையாத் தொட்டுப் பாக்குதாங்க. படத்த எங்களுக்குக் கொடுத்தாச்சுல்லா?”

“படத்தத்தான் கொடுத்தேன். என் குடும்பத்தக் கொடுக்கல. காதல்னு எழுதினது எவம்லே?”

நான் யாரையும் அப்படிப் பேசியவள் அல்ல. அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரம் தினமும் போனேன். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தேய்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்த ஆள் யார், என்ன செய்தார், ஏன் அழித்தேன் என்று சொன்னேன். பலர் பாதியிலேயே நகர்ந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் முழுக்கக் கேட்டாள். “நல்லா மூடுனீய,” என்று சொல்லிவிட்டு, திரையைத் தொடாமல் போனாள்.

ஆறாம் நாள் நிர்வாகி வந்தார். “என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க.”

‘ஓவியர் இந்த மனிதரை வேண்டுமென்றே அழித்தார். ஓவியரின் சம்மதம் இல்லாமல் காட்டுகிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வரியைப் போட மறுத்துவிட்டார். முதல் வரி மட்டும் இருக்கிறது. தேய்ப்பதும் நிற்கவில்லை.

மற்ற இரண்டு படங்களையும் நானே சுவரிலிருந்து இறக்கினேன். தடுக்க வந்த நிர்வாகி என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.