ஆறாம் நம்பர் அறைக்கு ஒரு பேய்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் திருவான்மியூரில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் நூற்றெழுபது ரூபாய். பையில் மாற்று உடை, தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு பென்சில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பேய்க்கதைத் தொகுப்பு. பயணத்துக்குக் காரணமே அந்தத் தொகுப்புதான்.

ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் பழைய ஆங்கிலப் பேய்க்கதைகள் படிப்பேன். கல்லூரி விடுதியில் தொடங்கிய பழக்கம். அப்போது என்னை அதிகம் கேலி செய்தவள் அறைத்தோழி புவனா. இப்போது அவளே கூப்பிட்டிருந்தாள்.

புவனா புதுச்சேரியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இரண்டு வருடமாக இரவுப்பணி மட்டும்தான். பகலில் தூங்கிப் பார்க்கிறாள், தூக்கம் வருவதில்லை. விடுதி முதலாளியிடம் அவள் ஒரு யோசனை சொல்லியிருந்தாள்: மாலையில் விருந்தினர்களைப் பழைய வீதிகளில் அழைத்துப்போய், நான்கு வீடுகளின் முன்னால் நான்கு பேய்க்கதைகள் சொல்வது. முதலாளிக்குப் பிடித்துவிட்டால் அதுவே அவள் வேலை, இரவுப்பணி இல்லை. வெள்ளோட்டம் அன்று மாலை ஐந்தரைக்கு.

"நீதான் டெஸ்டிங் இன்ஜினியர் ஆச்சே. வந்து கேட்டுட்டு எங்க ஒடையுதுன்னு சொல்லுடி கௌரி" என்றாள் தொலைபேசியில்.

மரக்காணத்தில் ஒரு அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலாப்பட்டில் மீன் வியாபாரம் செய்பவர். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் புத்தக அட்டையில் இருந்த வீட்டை உற்றுப் பார்த்தார்.

"என்னாம்மா படிக்கிற?"

"பேய்க்கதைக்கா."

"காலங்காத்தாலயா?" சிரித்தார். "அது என்னா கேக்குது?"

"எது?"

"பேயிதான். பொடவ கேக்குதா, படையல் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்காதுக்கா. இங்கிலீஷ் பேய். சும்மா வந்து நிக்கும்."

"ஒண்ணுமே கேக்காதா? அப்பறம் எதுக்கு வருது, வேற வேலயில்லியா அதுக்கு?"

முன் இருக்கைக்காரர் சத்தமாகச் சிரித்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் பேய்களுக்குப் பெயர் உண்டு, குறை உண்டு, கோரிக்கை உண்டு, கொடுத்து அனுப்பிவிடலாம். இந்தக் கதைகளில் வருவது எதுவும் கேட்பதில்லை, அதனால் அதனோடு பேசித் தீர்க்க வழியில்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் இவை படிக்கப்படுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மற்ற காரணங்களை ஏற்கனவே கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தேன்: கதை சொல்பவர் பேயை நம்பாதவர், முதல் பாதியில் சாப்பாடு, வானிலை, வீட்டு வாடகை தவிர எதுவும் இல்லை, வரும் தொந்தரவு மிகச் சின்னது, விளக்கம் கிடையாது. இதையும் சேர்த்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்குப் பேருந்து நிலையம். விடுதிக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார்.

"ஃபோட்டோ எடுக்க வந்தீங்களா மேடம்? நல்ல மஞ்ச செவுரா காட்றேன்."

"இல்லண்ணா, பேய் பார்க்க."

"அதுக்கு வெயிட்டிங் சார்ஜ் ஆவும்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

விடுதி, மிஷன் வீதியைத் தாண்டி, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தது. நடுவில் முற்றம், கீழே சுற்றிலும் எட்டு அறைகள். மாடியில் முதலாளி தனியாக வசிக்கிறார். அறுபத்தைந்து வயதிருக்கும், எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி 'மதாம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இறந்துவிட்டார். புவனா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். உழவர்கரையில் அவள் வீடு. அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர், ஆலை மூடியபின் ஓர் அடுக்ககத்தில் இரவுக் காவல். "நானும் எங்கப்பாவும் ஒருத்தர ஒருத்தர் வீட்டு கேட்டாண்டதான் பாத்துக்குறோம், பகல்ல ரெண்டு பேரும் படுத்துடறோம்" என்றாள்.

மூன்று மணிக்கு ஒத்திகை தொடங்கினோம். மார்ச் மாத வெயிலில் வீதியில் நாய்கூட இல்லை. முதல் மூன்று கதைகளும் தேறவில்லை. என்னிடமிருந்து கேட்டறிந்த ஆங்கிலக் கதைகளின் அச்சிலேயே செய்து, ஊரை மட்டும் மாற்றியிருந்தாள். இரண்டாவது வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னேன்.

"கணப்படுப்பு முன்னாடி குளிர் காய்ஞ்சிட்டு இருந்தார்னு சொல்ற. புதுச்சேரியிலயா?"

"பிரெஞ்சுக்காரன் வச்சிருப்பான்டி."

"எதுக்கு?"

"சரி, அடிச்சிடு."

நான்காவது வீடு வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதியை ஒட்டிய சந்தில். பச்சைக் கதவு, மூடிய மாடி ஜன்னல்கள். இந்தக் கதை அவளே யோசித்தது. ஒரு கணக்காளர் அந்த வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். தனி ஆள். இதே போல மார்ச் மாதம், பல வாரமாக மழை இல்லை. ஒரு மாலை வேலையிலிருந்து வருகிறார். முற்றத்தில் ஒரு கறுப்புக் குடை விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவருடையது அல்ல. தொட்டால் ஈரம். யாரோ விட்டுப்போனது என்று மடக்கி வாசலுக்கு வெளியே வைக்கிறார். மறுநாள் மாலை அது மாடிப்படியின் முதல் படியில் விரிந்திருக்கிறது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடுத்த நாள் படியின் நடுவில். புவனா குரலை உயர்த்தவே இல்லை, வாடகை ரசீது படிப்பதுபோலச் சொன்னாள். குறித்துக்கொள்ள எடுத்த பென்சிலை நான் மறந்தேபோனேன். கடைசி வரிக்கு வந்தபோது பச்சைக் கதவு படாரென்று திறந்தது.

"நீதானா அது? ஒரு வாரமா தேடறேன் உன்ன!"

கையில் சிவப்புப் பேனாவோடு நாற்பது வயதுப் பெண் ஒருவர். பெயர் ஹேமா, அந்த வீட்டு முன்கூடத்தில் டியூஷன் நடத்துகிறார், பிள்ளைகளுக்கு 'மிஸ்'. பெற்றோர் பலரும் கடைகளிலும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் வேலை செய்பவர்கள். போன வாரம் புவனா இரண்டு முறை அந்த மாடி ஜன்னல்களுக்குக் கீழே நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். கூடத்தில் இருந்த பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். வீட்டில் போய்ச் சொல்லியும்விட்டார்கள்.

"நாலு புள்ளைங்க நின்னுடுச்சி. பரீட்ச நேரம். நேத்து ஒரு அம்மா வந்தாங்க, ஆணியில மாட்டியிருந்த என் குடையப் பாத்தாங்க, அப்டியே புள்ளையக் கையப் புடிச்சி இழுத்துகினு போய்ட்டாங்க. என் வூட்ல நான் குட வச்சிக்கக் கூடாதாம்மா?"

"சாரி மிஸ்" என்றாள் புவனா. "மாடி ஜன்னல் எப்பவும் மூடியே இருந்துச்சி. யாரும் இல்லன்னு நெனச்சிட்டேன்."

"மேக்கு பாத்த ஜன்னல். வெயிலு மூஞ்சில அடிக்குது, மூடி வச்சிருக்கேன். அதுக்குப் பேயக் கொண்டாந்து உட்டுடுவியா?"

கணப்படுப்பைக் கண்டுபிடித்த நான் இதைக் கண்டுபிடிக்கவில்லை. புத்தகத்தில் வீடு தனியாக நிற்கும், பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளி. பழைய வெள்ளிப் பாத்திரங்களைப் போலப் பேயும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெருமை. நம் ஊரில் பேயின் பெயர் ஒட்டிக்கொண்ட வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராது, பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் யாரோ ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"உள்ள வா" என்றார் மிஸ். "இது இந்த வீடு இல்லன்னு புள்ளைங்க எதுர்ல சொல்லிட்டுப் போ."

கூடத்தில் பாயில் பிள்ளைகள். அழைத்துப்போக வந்த அம்மாக்கள் இருவர் வாசற்படிக்கு உள்ளே வராமல் நின்றார்கள். புவனா தொண்டையைச் செருமினாள்.

"அது கத. இங்க நடக்கல. இங்கிலாந்துல நடந்தது."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இங்கிலாந்துல எப்பப் பாத்தாலும் மழ பெய்யும்னு மிஸ் சொன்னாங்களே. அங்க குட ஈரமா இருந்தா அதுல என்னா பயம்?"

வாசலில் ஒரு அம்மா முதலில் சிரித்தார். "அதானே! மழ பெய்யற ஊர்ல குட காயாமதான் கெடக்கும்."

"பக்கத்து வூட்டுக்காரன் வச்சிட்டுப் போயிருப்பான்" என்றான் ஒருவன். "அவன் வூட்ல எடமில்ல." கூடம் முழுக்கச் சிரிப்பு. மிஸ் பேனாவால் தரையைத் தட்டினார். "போதும், கணக்கப் போடுங்க."

அம்மாக்கள் உள்ளே வந்து பையை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நின்றுபோன நால்வர் வீட்டிலும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வாசல்வரை எங்களோடு வந்த மிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, கடைசில என்னாதான் ஆவுது? அன்னிக்கி நான் கூடத்து ஜன்னலயும் சாத்திட்டேன்."

புவனா சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம் வேணாம், சொல்லாத. நான் இங்கதான் படுக்கணும்." கதவைச் சாத்திக்கொண்டார்.

வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். மணி நாலரை. "போச்சுடி" என்றாள் புவனா. "இருந்த ஒரே நல்ல கதையும் போச்சு. திரும்ப நைட்டுக்கே போறேன்."

இருந்த வழிகளை விரல்விட்டுப் பார்த்தேன். கதையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நனைந்த குடை பயமுறுத்த மழையில்லாத ஊர் வேண்டும். வேறு வீட்டுக்கு மாற்றலாம். அங்கேயும் யாராவது இருப்பார்கள். சொந்தக்காரர் சம்மதித்த வீடு என்றால் சிக்கல் இல்லை. ஐந்தரைக்குள் கேட்கக்கூடிய சொந்தக்காரர் ஒருவர்தான்.

மதாம் முற்றத்தில் வெளுத்துவந்த படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். புவனா நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"பேய நம்ம வீட்லயே வச்சிக்கலாமா மதாம்?"

மதாம் விரிப்பை மடித்து முடித்தார். "எந்த ரூம்ல?"

"மாடின்னா நல்லாருக்கும்."

"மாடியில நான் தனியாப் படுக்கறேன். வேணாம்."

"மூணாம் நம்பர்?"

"அது புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் குடுக்கறது. பாவம், அவங்க என்ன செஞ்சாங்க?"

"ஆறு?"

"ஆற எடுத்துக்கோ. ஏசி கர்ருனு சத்தம் போடுதுன்னு எவனும் அதுல தங்கறதில்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா குட என் படிக்கட்டுப் பக்கம் போகக்கூடாது."

ஐந்தரைக்குக் கிளம்பினோம். மதாமோடு, விடுதியில் தங்கியிருந்த கோயம்புத்தூர் சகோதரிகள் இருவர். வீதிகளில் புவனா பேயைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தக் கதவு எந்த மரத்தில் செய்தது, வாய்க்கால் எதற்கு வெட்டப்பட்டது, ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் சட்டை என்ன விலை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பியபோது ஆறரை. முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. விளக்கு போடாத மங்கல்.

கணக்காளர் இப்போது ஆறாம் நம்பர் அறைக்குக் குடிவந்தார். குடை முதல் நாள் முற்றத்தின் நடுவில், இரண்டாம் நாள் தூணருகே, மூன்றாம் நாள் தாழ்வாரத்தில், நான்காம் நாள் ஆறாம் நம்பரின் வாசற்படியில். நான் கதையைக் கேட்காமல் கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகோதரிகளில் இளையவர் தூணருகே இருந்த தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அஞ்சாம் நாள் முற்றத்துல குடை இல்ல. தாழ்வாரத்துல இல்ல. வாசப்படியிலயும் இல்ல. அப்பாடான்னு அவர் சாவியைப் பூட்டுல நுழைச்சார். உள்ளே யாரோ குடையை உதறி மடக்கற சத்தம் கேட்டுச்சு."

புவனா நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் இளையவர்.

"அவ்ளோதாங்க."

பிறகு மூத்தவர் ஆறாம் நம்பர் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்த ரூம் காலியாங்களா?"

"ஏசி சத்தம் போடுங்க."

"பரவாயில்லீங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மாத்திக்கறோம்."

"நீ வேணா போ, நான் வரமாட்டேன்" என்று தங்கை அவர் கையில் கிள்ளினார். ஆனால் சாவி வாங்கும்போது முன்னால் நின்றது தங்கைதான்.

மதாம் எழுந்துபோய்ப் படிக்கட்டு விளக்கைப் போட்டார். மேலே பார்த்தார். தாழ்வார விளக்கையும் போட்டார்.

"வெள்ளி, சனி, ரெண்டு நாளும் நடத்து. மத்த நாள் காலைல மேசைக்கு வா. நைட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"மெர்சி மதாம்." புவனா பிரெஞ்சிலேயே நன்றி சொன்னாள். "இன்னிக்கி நைட்டு?"

"நீ வீட்டுக்குப் போ. மேசையில நானே உக்காந்துக்கறேன்." நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். "மேல எனக்கு வேல ஒண்ணும் இல்ல."

இரவு உழவர்கரையில் புவனா வீட்டில் தங்கினேன். ஞாயிறு காலை ஏழு மணிப் பேருந்துக்குக் கிளம்பும்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கதைகளை நான் எப்போதும் பகலில், நாற்பது பேரோடு, ஓடும் பேருந்தில் படித்திருக்கிறேன். இறங்கும்போது கதையில் வரும் வீட்டைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வருவேன். சென்னையில் என் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. இனி முதலில் அது யாருடையது என்று விசாரிப்பேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது புவனாவின் அப்பா இரவுக் காவல் முடிந்து சைக்கிளில் வந்தார். அவள் செருப்பைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னாத்துக்கு இந்நேரத்துல வூட்ல கீது? ஒடம்பு சரியில்லியா?"

"தூங்குதுங்க" என்றார் அவள் அம்மா. "நேத்து ராத்திரி ஒம்போது மணிக்குப் படுத்துது."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளாமல், குனிந்து கையால் சத்தமில்லாமல் இறக்கினார்.