பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டாகிறது. பத்திரிகையில் எப்போதாவது என் பெயர் வரும் என்ற ஒரே தகுதியால், அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்தத் தகுதியை அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "அச்சுல வந்துட்டா உண்மையாயிருமாடா?" என்பார்.

எஹலியகொடைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே இறப்பர் மரங்களில் பால் வெட்டி எங்களை வளர்த்தவர் அம்மா. படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணன் வயிற்றில் இருந்தபோது, லீவுக்குத்தான் என்று யாரோ நீட்டிய சிங்களத் தாளில் கைரேகை வைத்தார். வேலையை விட்டு விலகுவதாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. மறுபடி பேர் பதிந்து வேலைக்குப் போவதற்குள் அண்ணன் நடக்கத் தொடங்கிவிட்டாராம்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு சட்டம். எந்தத் தாளாக இருந்தாலும், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் தனித்தனியே வாசித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை வீட்டுக்கும் இருந்ததே ஒரு தண்ணீர்க் குழாய்!

பிற்காலத்தில் அந்தப் பதவி அண்ணனுக்கும் எனக்கும் கிடைத்தது. என் மகளின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர், என் மச்சான் பெயருக்குக் கீழே போய்விட்டது. அச்சகத்தின் வேலை என்றேன். எழுதிக் கொடுத்தவன் யார் என்றார். அத்தோடு பேச்சு நின்றது. என் எழுத்துக்கு வலிமை உண்டென்று நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

சர்க்கரை வியாதியில் அம்மாவின் கால்விரல்கள் கறுத்தன. உடனே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சம்மதத் தாளை நீட்டினார். சிங்களம்; அதுவும் கிறுக்கல். விரல் என்று சொல்லிக் காலையே எடுத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். நான் வாசித்தேன்.

"சரி, நீ வெளிய போ. பெரியவன வரச்சொல்லு."

அண்ணனும் வாசித்தார். "வெரலு மட்டுந்தாம்மா."

"தம்பி என்னா சொன்னான்னு தெரியுமா?"

"அவன்கூடத்தான் நான் பேசுறதில்லையே!"

"நல்லது. அப்புடியே இரு."

வராந்தாவுக்கு வந்த அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தக் கடைசி வரி ஒனக்கு வெளங்குச்சா?"

"இல்லண்ணே."

"எனக்கும் இல்ல. வெளங்குன மாதிரி வாசிச்சிட்டேன்."

"நானுந்தாண்ணே."

இருவரும் தாதியிடம் ஓடினோம். தேவைப்பட்டால் பாதம் வரை எடுக்கலாம் என்பதே அந்த வரி. சேர்ந்தே போய் அம்மாவிடம் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணா வாறீங்களே... அப்ப இதுல இன்னும் என்னமோ இருக்கு."

"சத்தியமா இல்லம்மா. உள்ளது இவ்வளவுதான்."

"இனிமே எனக்கு யாருடா வாசிக்கிறது?" என்று முணுமுணுத்தபடி, கைரேகை வைக்கக் கட்டைவிரலை நீட்டினார்.

நல்லவேளை, விரல்களோடு முடிந்தது. அதன்பின் தடியூன்றி நடந்து, வந்த மருந்துச் சீட்டுகளையெல்லாம் சந்தேகித்துக்கொண்டே வாழ்ந்து, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்தாருக்கும் நன்றி. இதை அண்ணன் வாசித்துவிட்டு, எல்லாம் சரி என்றார். ஆனால் நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம். அம்மாவின் சட்டப்படி அது செல்லாது. ஆகவே, உங்களோடு பேசாதிருக்கும் யாராவது ஒருவரிடம் இம்மலரைக் கொடுத்து, நான் எழுதியிருப்பது உண்மைதானா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.