மானாம்பதிக்காரி என்று பேர் வைத்த கோவைக்கொடி

நான் ஆடி மாதம் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, என் ஓரகத்தி என் முல்லைக்கொடியின் வேரில் கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை ஊற்றினாள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தோம். கொல்லை மட்டும் பொது. மானாம்பதியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் ஊர் முழுக்க அவளுக்கு மானாம்பதிக்காரி என்றுதான் பேர்.

திரும்பி வந்தபோது பந்தலில் வெறும் சுள்ளி தொங்கியது.

"வெயில்ல காஞ்சிபூட்ச்சிடி. நான் இன்னா பண்றது?" என்றாள்.

ஆவி பறக்க அவள் கஞ்சி ஊற்றியதைப் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்திருந்தாள். கணவரிடம் சொன்னேன். "ஒரு பூச்செடிக்கா அண்ணிகிட்ட சண்ட போடச் சொல்ற?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். நான் அழவில்லை. இவளை விடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் அந்தப் பந்தக்கால் அடியிலேயே ஒரு கோவைக்கன்று முளைத்தது. இலையின் விளிம்பெல்லாம் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை. வேலி நெடுகக் கோவை படர்ந்த ஊரில் அப்படியோர் இலையை நான் கண்டதில்லை. ஆடு வாய் வைக்காமல் முள் அடைத்து, எரு போட்டு வளர்த்தேன். பொங்கல் கழிவதற்குள் பந்தலை மூடிவிட்டது. அவ்வளவு அழகு. காயைப் பொரியல் செய்து வாயில் வைத்தால் குமட்டும் கசப்பு. மாட்டுக்குப் போட்டேன், மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கேயே நின்று சிரித்தேன். பேர் கிடைத்துவிட்டது.

அழகைப் பார்த்துத் தண்டு கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் ஒடித்துக் கொடுத்தேன். "இது பேரு இன்னா?" என்பார்கள். "மானாம்பதிக்காரி. பாக்க லட்சணமாகீது, வாயில வச்சாத்தான் தெரியும்" என்பேன். புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். யூனியன் ஆபீஸிலிருந்து விதைநெல் கொண்டுவந்த கிராமசேவக்குக்கு விவரம் தெரியாது. அவரும் தண்டு வாங்கிப்போய் ஆபீஸ் வாசலில் நட்டு, தகரத்தில் அந்தப் பேரையே எழுதி வைத்தார். அப்புறம் தெருக் கிணற்றடியில் பெண்களுக்குள் சத்தமாகவே பேச்சு நடந்தது: "மானாம்பதிக்காரி எங்கூட்ல ரொம்பத்தான் படருது, அறுத்துப் போடணும்."

ஒருநாள் காலையில் அவள் அரிவாளோடு கொல்லைக்கு வந்தாள்.

"எம்பேர எதுக்குடி செடிக்கு வச்சே?"

"உங்க பேரா அக்கா? மானாம்பதியில நீங்க ஒருத்திதானா கீறீங்க?"

குனிந்து கொடியை அடியோடு அறுத்தாள். நான் தடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"நல்லா அறுங்க அக்கா. தெருவுல எல்லா வூட்லயும் கீது. ஆபீஸ்ல கூட கீது. அங்கயும் போயி அறுத்துட்டு வாங்க."

அரிவாள் அவள் கையிலேயே நின்றது. முகம் கறுத்துப்போனது. அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். கோவைக்குக் கிழங்கு உண்டு; அடுத்த மழைக்கே துளிர்த்துக்கொண்டது.

அதன்பிறகு அவள் அந்தக் கிணற்றுக்கு வரவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள். வெயிலில் இடுப்பில் குடத்தோடு அவள் நடந்துபோவதைப் பார்க்க, அந்த நேரத்துக்கு நான் கொல்லையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன்.